நாப்பிறழ்வும் நற்கரியும்

‘கரி’ என்னும் சொல்லுக்கு யானை என்பதோடு சான்று என்ற பொருளும் உண்டு. வள்ளுவர் 25ஆம் குறளில் அப்பொருளிலேயே அச்சொல்லை ஆள்கிறார். ஆதலால், பால்வண்ணநாதர் கோயில் கொண்ட கரிவலம்வந்தநல்லூரின் பெயரைக் கேட்குந்தோறும் யானையைவிடச் சான்றே நம் நினைவில் வலம் வருகிறது. அதற்கொரு காரணமும் உண்டு.

நம் இளமையில், அவ்வூர் முதிய உழவர் ஒருவரின் வரப்பு வழக்கிற்குத் துணையாக நீதிமன்றம் ஒன்றிற்குச் சென்றிருந்தோம். அவருடைய வழக்கறிஞர் நாவன்மை மிக்கவர்; ஆயினும் அன்று நா அவரோடு பிணங்கியிருந்தது.

“கனம் கோர்ட்டார் அவர்களே! எங்கள் வழக்கில் பொய்யில்லை என்பதை வன்மையாக மறுக்கிறேன்” என்று முழங்கினார். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எழுந்து, “நாங்களும் அதையே சொல்கிறோம்” என்றார். மன்றம் சிரித்தது.

சற்று நேரத்தில் சாட்சிக் கூண்டிலிருந்த முதியவரிடம், “காலஞ்சென்ற உம் தந்தையார் இப்போது எங்கே வசிக்கிறார்?” என்று வினவினார். “அவரு இருக்க இடத்துக்குச் சம்மன் போகாதுய்யா” என்றார் முதியவர். நீதிபதியும் சிரித்துவிட்டார்.

மூன்றாம் பிறழ்வுக்கு எவரும் சிரிக்கவில்லை, எவரும் கவனிக்கவில்லை. கீழ்புறம் என்பதற்கு மேல்புறம் என்றார் வழக்கறிஞர். களைத்திருந்த முதியவரும் தலையசைத்தார். சொல் எழுத்தாயிற்று.

பின்னர், வழக்கப்படி சாட்சியம் படித்துக் காட்டப்பட்டது. எழுத்தறியாத அம்முதியவர் கைகூப்பி, “ஐயா, மேல்புறம் இருக்கது குளம். எங்க வரப்பு கீழ்புறம். வக்கீலய்யா சொன்னபடி எழுதுனா நான் தண்ணிக்குள்ளதான் உழணும்” என்றார். பிழை திருந்தியது, வழக்கு பிழைத்தது.

மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை, 1862இல் தீர்ப்புகளைச் ‘சித்தாந்த சங்கிரகம்’ எனத் தமிழில் தந்தார். 1879இல் வெளிவந்த ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தில், தமிழர் வழக்கை ஆங்கிலத்தில் வாதிடுவோரை எள்ளி நகையாடினார். அவர் நகைப்பின் ஆழம் அன்றுதான் நமக்கு விளங்கிற்று. அச்சாட்சியம் ஆங்கிலத்தில் படிக்கப்பட்டிருப்பின், அம்முதியவர் மீண்டும் தலையசைத்தே நிலத்தை இழந்திருப்பார்.

மாணவச் செல்வங்களே! நாளை உங்களுள் சிலர் கறுப்பங்கி அணியக்கூடும். நாப்பிறழ்தல் மனித இயல்பு. அதற்குச் சிரித்துக் கொள்ளுங்கள். எழுதியதை மட்டும் எளியவர்க்குப் புரியும் மொழியில் ஒருமுறை படித்துக் காட்டிவிடுங்கள்.