வேனுக்குள் ஒரு நீர்மூழ்கி மோட்டார்

இரண்டு இதழ்களுக்கு முன்பு கேள்வி-பதில் பகுதியில் ஒரு வாசகர், ‘பழைய ஆம்னி வேன் வைத்திருக்கிறேன். சூடேறினால் நின்றுவிடுகிறது. பெட்ரோல் பம்ப் போய்விட்டது என்கிறார்கள். மாற்றினால் சரியாகிவிடுமா?’ என்று கேட்டிருந்தார். படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. போன ஆவணி மாதம் இதே கேள்வியோடு அலைந்தவன் நான். அந்த அலைச்சலில் பணம் போனது. அதைவிட, மருமகன் முறையுள்ள ஒரு பையனோடு பேச்சே நின்றுபோனது.

எங்களுக்கு ஒட்டன்சத்திரம் பக்கம். மூன்று ஏக்கரில் தக்காளியும் கத்தரியும், வேலியோரம் கொஞ்சம் முருங்கை. மார்க்கெட் 18 கிலோமீட்டர். என்னிடம் இருப்பது 2010-ம் வருஷத்து வண்டி, நான் மூன்றாவது ஓனர். பின் சீட்டைக் கழற்றிவிட்டால் 20 பெட்டி தக்காளி ஏறும். உர மூட்டை, தவிட்டு மூட்டை, ஆட்டுக்குட்டி, ஜீவாமிர்த கேன், கல்யாணம், காதுகுத்து, ஆஸ்பத்திரி எல்லாம் அதில்தான். 1984-ல் வந்த வண்டி இது. 2019-ல் தயாரிப்பதை நிறுத்திவிட்டார்கள். ஆனாலும் எங்கள் பக்கம் தெருவுக்கு ஒன்றாவது நிற்கும்.

ஒருநாள் விடிகாலை மூன்றரை மணி. லோடோடு போகிறேன். ஊர் எல்லை தாண்டியதும் ஒரு நீளமான மேடு உண்டு. பாதி ஏறும்போது வண்டி இருமியது. ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க இழுவை குறைந்தது. அப்புறம் அணைந்தேவிட்டது. இருபது நிமிஷம் கழித்துச் சாவியைத் திருப்பினால், ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகிறது. மண்டிக்குப் போய்ச் சேர்ந்தபோது நல்ல விலைக்கு எடுக்கிற ஆட்கள் எடுத்து முடித்திருந்தார்கள். பெட்டிக்கு 80 ரூபாய் நஷ்டம். அது போனால் போகிறது. வீட்டில் மகளுக்கு ஒன்பதாம் மாதம். ராத்திரி நேரத்தில் வலி எடுத்தால் அந்த மேட்டைத் தாண்டித்தான் ஆஸ்பத்திரி.

பஸ் ஸ்டாப் பக்கத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிற பையன் எனக்கு மருமகன் முறை. ஓட்டிப் பார்த்தான். “பம்ப் வீக் ஆயிருச்சு மாமா” என்றான். புதுப் பம்ப், கூலி எல்லாம் சேர்த்து 4,600 ரூபாய். பாதி கொடுத்தேன், பாதி கடன். பழைய பம்பை ஒரு கவரில் போட்டுக் கையில் கொடுத்தான். ஒன்பது நாள் வண்டி குதிரை மாதிரி ஓடியது. பத்தாம் நாள் அதே மேடு, அதே இருமல்.

அன்றைக்கு டீக்கடையில் நான் பேசியதை இங்கே எழுத முடியாது. ‘பழைய பம்பைக் கழுவி மாட்டிவிட்டுப் புதுசுன்னு காசு வாங்கிட்டான்’ என்பதுதான் அதில் எழுதக்கூடிய பகுதி. நாலு பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவனும் வந்து கேட்டான். “வேற எங்கயாவது காட்டிக்கங்க மாமா. பாக்கிப் பணமும் வேண்டாம்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

அந்த வாரமே தோட்டத்து போர்வெல் மோட்டாரும் மக்கர் செய்தது. சுவிட்ச் போட்டால் உறுமுகிறது, தண்ணீர் வரவில்லை. மோட்டாரைத் தூக்கத்தான் வேண்டும் என்று முடிவு செய்து வைண்டிங் கடை அண்ணனை வரச் சொன்னேன். அவர் பைப்பைத் தொடவே இல்லை. பேனல் போர்டைத் திறந்தார். மூன்று ஃபேஸையும் மீட்டரில் பார்த்தார். காண்டாக்டரில் ஒரு பாயின்ட் கருகி, ஒரு ஃபேஸ் உள்ளே போகாமல் நின்றிருந்தது. அதை மாற்றினார், தண்ணீர் கொட்டியது. “கீழ இருக்கறதத் தூக்கறதுக்கு முன்னாடி மேல இருக்கறதப் பாக்கணும் தம்பி” என்றார்.

அவரைக் கடையில் விட வேனை எடுத்தேன். தோட்டத்து வழியிலேயே இருமியது. என் புலம்பலை எல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டார். “இதுல பம்ப் எங்க இருக்கு?”

“டேங்குக்குள்ளண்ணே.”

“பெட்ரோல்ல முங்கியா?”

“ஆமா.”

“அப்ப இதுவும் நீர்மூழ்கிதானே. அதுக்குக் கரண்டு எவ்வளவு வருதுன்னு யாராச்சும் பாத்தீங்களா?”

யாரும் பார்க்கவில்லை. முப்பது வருஷமாகத் தோட்டத்தில் மோட்டார் ஓட்டுகிறேன். வோல்ட் இல்லாமல் மோட்டார் போடாதே என்று பிள்ளைகளைத் திட்டுகிறேன். வேனுக்குள்ளும் ஒரு மோட்டார் முங்கிக் கிடக்கிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை.

கார்புரேட்டர் வைத்த பழைய வண்டிகளில் பம்ப் இன்ஜின் பக்கத்திலேயே இருக்கும். கேம்ஷாஃப்ட் தட்டத் தட்ட, உள்ளே இருக்கும் டயாஃப்ரம் பெட்ரோலை இழுத்துக் கொடுக்கும். கரண்டு வேலை அதில் கிடையாது. எம்.பி.எஃப்.ஐ வண்டிகளில் 12 வோல்ட் மோட்டார். டேங்குக்குள் உட்கார்ந்து பெட்ரோலை அழுத்தத்தோடு முன்னால் தள்ளும். அழுத்தம் வண்டிக்கு வண்டி மாறும், பெரும்பாலும் 3 பாரை ஒட்டி இருக்கும். அழுத்தம் குறைந்தால் சமதளத்தில் எப்படியோ ஓடிவிடும். மேட்டில் லோடோடு ஏறும்போது இன்ஜின் கேட்கிற பெட்ரோல் கிடைக்காது. அதுதான் அந்த இருமல்.

அண்ணன் முதலில் என்னைச் சாவியை ‘ஆன்’ வரைக்கும் மட்டும் திருப்பச் சொன்னார், ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்றார். பின்பக்கம் காதை வைத்தார். ‘உய்ங்’ என்று இரண்டு விநாடி சத்தம் வந்து நின்றது. நீங்களும் உங்கள் வண்டியில் சத்தமில்லாத நேரத்தில் கேட்டுப் பாருங்கள். நன்றாக இருக்கும்போதே அந்தச் சத்தத்தைப் பழகி வைத்துக்கொள்வது நல்லது. சத்தமே வரவில்லை என்றால் உடனே பம்பைக் குற்றம் சொல்லக்கூடாது. ஃபியூஸைப் பாருங்கள். அடுத்து ரிலே. அதே மாதிரி ரிலே வண்டியில் வேறொன்றுக்கும் இருந்தால், இதை எடுத்து அதில் மாற்றிப் போட்டாலே தெரிந்துவிடும். சத்தம் வந்தாலும் பம்ப் நல்லது என்று அர்த்தமில்லை. சுற்றுகிறது என்று மட்டும்தான் அர்த்தம். தோட்டத்து மோட்டார் உறுமவில்லையா, தண்ணீர் வந்ததா?

அடுத்து மீட்டர். வண்டியை ஐடிலில் ஓடவிட்டோம். பேட்டரியில் 13.9 வோல்ட். டேங்குக்கு வெளியே பம்புக்குப் போகிற சாக்கெட்டில் 10.6 தான் இருந்தது. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. பம்ப் ஓடாதபோது வயரைக் கழற்றி அளந்தால் முழு வோல்ட்டையும் காட்டி ஏமாற்றிவிடும். பம்ப் கரண்டை இழுக்கும்போது அளந்தால்தான் வழியில் எங்கே வீணாகிறது என்று தெரியும். மீட்டரின் ஒரு முனையைப் பம்பின் எர்த் வயரிலும் இன்னொன்றைப் பேட்டரி மைனஸிலும் வைத்தார். ஏறக்குறைய பூஜ்யம் காட்ட வேண்டிய இடத்தில் 3.2 வோல்ட் காட்டியது. போகிற வழி சரி, திரும்புகிற வழி அடைத்திருக்கிறது. வாய்க்காலைத் திறந்துவிட்டு வடிகாலை மூடின கதை.

பின்பக்க மேட்டைத் தூக்கினோம். எனக்கு முன்னால் வைத்திருந்த யாரோ எர்த் வயரைப் பிடுங்கி, தரைத் தகட்டில் ஒரு போல்ட் போட்டு முடுக்கியிருந்தார்கள். போல்ட்டைச் சுற்றிப் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. தொட்டதும் வயர் முனை உதிர்ந்தது. மூக்கை வைத்தாலே காரணம் தெரிந்தது. வாரம் தவறாமல் கோமியமும் ஜீவாமிர்தமும் கேன் கேனாக ஏற்றுகிறேன். வளைவில் தளும்பும். மேட்டுக்கு மேலே துடைத்துவிடுவேன். அடியில் போனதை யார் பார்த்தது? மண்ணுக்கு அமிர்தமாக இருப்பது இரும்புக்கும் அப்படியே இருக்கவேண்டும் என்று கட்டாயமில்லையே.

எமரி பேப்பரால் தகட்டைச் சுரண்டி, புது முனை அடித்து, புது போல்ட் போட்டு, மேலே கிரீஸ் பூசினார். சாமான் செலவு 40 ரூபாய். திரும்ப அளந்தால் எர்த்தில் 0.1. லோடு ஏற்றிக்கொண்டு அன்று சாயங்காலமே அந்த மேட்டில் மூன்று முறை ஏறி இறங்கினேன். இருமவில்லை.

எனக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். “பாத்தீங்களாண்ணே, அநியாயமா 4,600 ரூபா வாங்கிட்டான்” என்றேன். அவர் பதில் சொல்லாமல், “பழைய பம்ப் இருக்கா?” என்றார். பரணிலிருந்து எடுத்து வந்தேன். அடியில் இருக்கும் சல்லடை பழுப்பாக, சேறு பிடித்த மாதிரி இருந்தது. மோட்டாரை அறுத்துப் பார்த்தார். கார்பன் பிரஷ் இரண்டும் தேய்ந்து நகக்கண் அளவுதான் மிச்சம். “இதுவும் முடிஞ்சதுதான் தம்பி. அந்தப் பையன் பொய் சொல்லல. உனக்கு ரெண்டு கோளாறு இருந்துச்சு, அவன் ஒண்ணப் பாத்தான்” என்றார். புதுப் பம்புக்குப் பலம் இருந்ததால் வோல்ட் குறைந்தும் ஒன்பது நாள் இழுத்திருக்கிறது. இடையில் பெய்த மழையில் எர்த் இன்னும் மோசமானதும் அதுவும் திணறிவிட்டது.

பழைய பம்ப் ஏன் தேய்ந்தது என்பதற்கும் பதில் என்னிடமே இருந்தது. 200 ரூபாய்க்கு மேல் பெட்ரோல் போட்டுப் பழக்கமில்லை. எப்போதும் ரிசர்வ்தான். முங்கியிருக்கும் பம்பைக் குளிர வைப்பதே அந்தப் பெட்ரோல்தான். கிணறு வற்றிய பிறகும் மோட்டாரை ஓட்டினால் என்ன ஆகுமோ, அதுதான் நடந்திருக்கிறது. டேங்கின் அடிமண்டி வேறு சல்லடைக்கு வந்து சேரும். இப்போது பெட்ரோலில் 20 சதவிகிதம் எத்தனால். அது ஈரத்தை இழுக்கிற சரக்கு. கொஞ்சம் பெட்ரோலோடு வண்டியை மாதக்கணக்கில் நிறுத்திவைப்பவர்கள் இதையும் நினைவில் வையுங்கள். இப்போதெல்லாம் கால் டேங்குக்குக் கீழே இறங்க விடுவதில்லை.

கேள்வி கேட்ட வாசகருக்கு: உங்கள் வண்டியில் பம்ப்பே போயிருக்கலாம், எனக்கு நேர்ந்தது உங்களுக்கும் நேரவேண்டும் என்றில்லை. மாற்றுவதற்கு முன் ஓடும்போது வோல்ட் பார்க்கச் சொல்லுங்கள். ஒர்க்‌ஷாப்பில் பிரஷர் கேஜ் இருந்தால் அழுத்தமும் பார்க்கச் சொல்லுங்கள். வண்டி நின்றதும் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். ‘புஸ்’ஸென்று காற்றை உள்ளே இழுத்து, அதன் பிறகு ஓடினால் காற்றுவழி அடைப்பாக இருக்கலாம். ஃபில்டர் மாற்றி எத்தனை வருஷம் ஆனது என்றும் யோசியுங்கள். சூட்டில் கோளாறாகும் இக்னிஷன் காயிலும் இதே மாதிரிதான் நிற்க வைக்கும். ஸ்டார்ட் ஆகாமல் நிற்கும்போது சிறிது நேரம் செல்ஃப் அடித்துவிட்டுப் பிளக்கைக் கழற்றினால், காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. நனைந்திருந்தால் பெட்ரோல் வந்திருக்கிறது, கரண்டு பக்கம் பாருங்கள். டேங்கைத் திறக்கும் வேலையை மட்டும் நீங்களே செய்யாதீர்கள். வண்டி அணைந்த பிறகும் குழாயில் அழுத்தம் இருக்கும், கழற்றினால் கண்ணில் பீய்ச்சும். வெட்டவெளியில், பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டு, தெரிந்தவர்தான் செய்யவேண்டும். பீடி, செல்போன் டார்ச்சோடு சுற்றி நின்று வேடிக்கை பார்ப்பவர்களையும் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

மறுநாள் ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். பாக்கி 2,300 ரூபாயை மேஜைமேல் வைத்தேன். என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றேன். அவனே கேட்டான். “எர்த்தா மாமா?”

“எர்த்துதான்.”

கையைத் துடைத்துக்கொண்டே, “நானும் அளந்திருக்கணும்” என்றான். அதற்கு மேல் அவன் பேசவில்லை. ஆனால், நான் பேசவேண்டிய இடம் அதுவல்ல, டீக்கடை. அங்கே போய் அதே நாலு பேரிடம், ‘பையன் ஏமாத்தல, புதுப் பம்ப்புதான் போட்டிருக்கான், கோளாறு என் வண்டியில’ என்று சொல்லி முடிப்பதற்குள் எனக்கு இரண்டு டீ ஆகிவிட்டது. ஒருவர் மட்டும் “அன்னிக்கு வேற மாதிரிச் சொன்னியே” என்றார். ஆமாம் என்றேன்.

புரட்டாசி பிறந்து நாலாம் நாள் ராத்திரி ஒன்றரை மணிக்கு மகளுக்கு வலி எடுத்தது. வேனை வெளியே எடுக்கும்போது டூல்ஸ் பையோடு அவன் வந்து முன்சீட்டில் ஏறினான். என் மனைவிதான் போன் செய்து வரச் சொல்லியிருக்கிறாள். மேடு வந்ததும் நானும் அவனும் பேச்சை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பின்னாலிருந்து மகள்தான் கத்தினாள்: “ஏம்ப்பா, வண்டி நல்லாத்தான போகுது, இன்னும் கொஞ்சம் வேகமாப் போனா என்ன?”