கள்ளனுக்கு எத்தனை பெயர்?

எங்கட ஊரில் கள்ளன் என்றால் கள்ளன்தான். கோழி பிடிச்சவனும் கள்ளன், பஸ்ஸில் பேர்ஸ் அடிச்சவனும் கள்ளன், சங்கக் காசைச் சுருட்டின தலைவரும் கள்ளன் (அவருக்கு மட்டும் முகத்துக்கு நேரே சொல்ல மாட்டோம்). வேலையைத் தட்டிக்கழிச்சால் வேலைக்கள்ளன். கண்ணைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற குழந்தையும் கொஞ்சும்போது கள்ளன்தான். ஆங்கிலத்துக்குப் போனால்தான் தலை சுத்தும்.

சத்தமில்லாமல் எடுத்தவன் தீஃப். அடிச்சோ வெருட்டியோ பறிச்சவன் ரொபர். களவெடுக்கவென்று கட்டடத்துக்குள் புகுந்தவன் பர்க்லர். பழைய இங்கிலாந்துச் சட்டத்தில் அது ஆட்கள் குடியிருக்கும் வீடாகவும் இருக்க வேணும், நேரமும் இரவாக இருக்க வேணும். வினைச்சொல்லிலும் சிக்கல் இருக்கு. ஸ்டீல் என்பது பொருளோடு வரும். ரொப் என்பது பறிகொடுத்த ஆளோடு, இல்லாவிட்டால் இடத்தோடு வரும். போனை ஸ்டீல் பண்ணலாம், ரொப் பண்ண ஏலாது. வங்கியை ரொப் பண்ணலாம். ஸ்டீல் பண்ணினால் கட்டடத்தையே தூக்கிக்கொண்டு போனதாக அர்த்தம் வரும். 'தே ரொப்ட் மை போன்' என்று பலர் எழுதுவது 'கொள்ளையடிச்சாங்கள்' என்பதை அப்படியே மாற்றுவதால்தான். தமிழில் நகையையும் கொள்ளையடிக்கலாம், வங்கியையும் கொள்ளையடிக்கலாம்.

எங்களுக்குப் பிடிச்சது பிக்பொக்கட்டின் கதை. உடுப்பில் பொக்கட் தைக்கும் வழக்கம் வருமுன் இங்கிலாந்தில் காசுப்பை இடுப்பு வாரில் தொங்கும். அதன் கயிற்றை அறுக்கிறவனுக்கு கட்பேர்ஸ் என்று பெயர். காசு பொக்கட்டுக்குள் போக, கள்ளனும் பெயரை மாற்றிக்கொண்டான். எங்கட ஆட்கள் வேட்டியிலும் சேலைத் தலைப்பிலும் காசை முடிஞ்சு வைத்தார்கள், எங்களுக்கு முடிச்சவிழ்க்கி கிடைத்தான். இப்ப அது வெறும் வசவு.

இவர்கள் எல்லாரும் தெருவில் நிற்கிற கள்ளர். மேசைக்குப் பின்னால் இருக்கிறவருக்கு ஆங்கிலம் எம்பெசிலர் என்ற சொல்லை வைத்திருக்கு. நம்பி ஒப்படைத்ததைத் தன்னுடையதாக்கிக்கொண்டவர். 1883இல் பிரித்தானியர் கொண்டுவந்த எங்கட தண்டனைச் சட்டக்கோவையும் களவை வேறாகவும், நம்பிக்கை மோசடியை வேறாகவும் வைக்குது. இவருக்குச் சுவர் உடைக்கத் தேவையில்லை, சாவியே அவரிடம்தான் இருக்கு. வேலியே பயிரை மேய்ந்த கதை.

சட்டத்துக்கு இந்தப் பிரிப்பு தேவைதான். ஆனால் செய்தியில் அது எப்படி வருது என்று பாருங்கோ. தேங்காய் எடுத்தவன் 'திருடன் கைது' என்று ஆளாகவே வருவான். கோடிக்கணக்கில் போனால் 'நிதி முறைகேடு'. அதில் ஆளே இல்லை, காசு தானாகவே முறைகெட்டுப்போன மாதிரி. ஆங்கிலத்திலும் அதே கதைதான். எம்பெசிலர் அகராதியில் இருக்கிறார், ஆனால் அவரைத் துரத்திக்கொண்டு அந்தச் சொல்லைக் கத்த நாக்கு வளையாது. 2022இல் காலிமுகத்திடலில் கூடினவர்களுக்கு இந்த அடுக்கு எதுவும் தேவைப்படவில்லை. ஹொரா என்ற ஒரு சிங்களச் சொல் போதுமாயிருந்தது.

அப்ப எங்கட ஒற்றைச் சொல்தான் நேர்மையானதோ? அப்படிச் சொல்லத்தான் ஆசை. ஆனால் கள்ளத்தோணி என்ற சொல்லும் அதிலிருந்துதான் வந்தது. மலையகத் தமிழரின் முன்னோரைத் தோட்ட வேலைக்குக் கொண்டுவந்தது பிரித்தானியர். 1948இன் குடியுரிமைச் சட்டம் இலட்சக்கணக்கானோரை நாடற்றவர்களாக்கியது. யாருடைய பொருளையும் எடுக்காத அந்தச் சனத்தின்மேல்தான் கள்ளப் பட்டம் விழுந்தது. சிங்களவரும் 'கள்ளத்தோணி' என்றுதான் ஏசினார்கள், எங்களிடமிருந்து போன சொல் அது. வடக்கில் தமிழர் வாயிலும் தாராளமாகப் புழங்கியது. இத்தனை கள்ளருக்குப் பெயர் வைத்த ஆங்கிலத்திலும் இதற்கு ஒரு சொல் அகப்படவில்லைப்போல. ஆய்வுக்கட்டுரைகளில் அது இன்னும் கள்ளத்தோணி என்றே கிடக்குது, சாய்வெழுத்தில்.