திண்ணை வைத்த வீடு

தருமபுரியில் பழைய வீடு தேடுவோர்க்கு இன்று கணினித் திரையிலேயே திண்ணையும் முற்றமும் மரத்தூண்களும் காட்சி தருகின்றன. உள்ளம் மயங்குவது இயல்பே. 1792 முதல் ஏழாண்டுகள் இவ்வட்டாரத்தில் பணியாற்றிய தாமஸ் மன்றோவும் இங்குத் தாம் வளர்த்த தோட்டத்தை மனமின்றிப் பிரிந்தவர்தாம்.

ஆயினும் நேரில் செல்லுங்கள். உத்தரத்தைத் தட்டிப் பாருங்கள்; கறையான் படத்தில் தெரியாது. தெரியாத இன்னொன்றும் உண்டு: அவ்வீட்டில் பிறந்த பெண்மக்கள். பாகப்பிரிவினையே நடவாத வீட்டுக்கு வில்லங்கச் சான்று வெறுமையாகவே இருக்கும். அதனை இணையத்தில் இலவசமாகப் பார்த்து மகிழ்வதில் பயனில்லை. விற்பவர் நம் சமுதாயத்தவராயின், மகனுக்குரியதில் பாதி மகளுக்கு உண்டென்பதை அறிவோம். பட்டா இறந்தவர் பெயரிலேயே நின்றால் வாரிசுச் சான்றிதழைக் கேளுங்கள். விற்பவரின் சகோதரி அரூரிலோ பாலக்கோட்டிலோ வாழக்கூடும். முன்பணம் தருமுன், கிரயப் பத்திரத்தில் அவரும் கையொப்பமிடுவாரா என்று கேட்டு வாருங்கள்; பேருந்தில் அதிக நேரம் ஆகாது.