பேர் வைக்காத புயல்



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தா என்று மலர்க் குழுவினர் கேட்டபோது முதலில் ஒதுங்கித்தான் நின்றேன். எட்டயபுரத்துக்காரன் என்று சொன்னாலே, "அப்போ உனக்குக் கவிதை வருமே!" என்கிறார்கள். பாரதி பிறந்த ஊர் என்பதற்காக ஊரில் உள்ள எல்லாருக்கும் கவிதை வந்துவிடுமா? எங்கள் அம்மாவுக்குத் தன் கையெழுத்தைப் போடவே ஒரு நிமிஷம் ஆகும். அம்மா தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறாள். அப்பா லோடுமேன். எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டி டிப்ளமோ வரைக்கும் வந்த முதல் ஆள் நான்தான். எனவே நான் எழுத வந்தது கவிதை அல்ல. இரண்டு வருஷமாக மனசுக்குள் கிடக்கிற ஒரு விஷயம்.

எங்கள் ஊரில் கடல் கிடையாது. சுற்றிலும் கரிசல் காடு. தூத்துக்குடிக்கு பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆனாலும் எங்கள் வீட்டில் கடலைப் பற்றிப் பேசாத ஐப்பசி, கார்த்திகை இல்லை. காரணம், அம்மாவின் தம்பி, என் மாமா, ஆறுமுகநேரிப் பக்கம் உப்பளத்தில் வேலை பார்க்கிறார். அத்தையும் அவரும் சின்னப் பாப்பாவும் அங்கேயே ஓட்டு வீட்டில் இருக்கிறார்கள். அம்மாவைப் பெற்ற தாத்தா எங்களோடு இருக்கிறார். மழைக்காலம் வந்தால் அவர் மனசு முழுக்க ஆறுமுகநேரியில்தான்.

தாத்தா இப்படிப் பயப்படுவதற்கு ஒரு கதை இருக்கிறது. 1964 டிசம்பரில் அவருக்குப் பதினஞ்சு வயசு. டீக்கடையில் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தாராம். பேப்பர் வந்ததும் படிக்கத் தெரிந்த ஒருவர் பெஞ்சில் உட்கார்ந்து சத்தமாக வாசிப்பார், மற்றவர்கள் எல்லாரும் கேட்பார்கள். அப்படிக் கேட்டதுதான் தனுஷ்கோடி. "ஒரு ரயிலையே கடல் கொண்டு போயிட்டுன்னு அவரு வாசிச்சாரு. கையில இருந்த கிளாசை அப்படியே வச்சிட்டேன்" என்பார். அதற்குப் பிறகு அவர் திருச்செந்தூர் போனாலும் கடலில் இறங்கிக் குளித்ததில்லை. நாழிக்கிணற்றோடு சரி.

அந்தப் புயலைப் பற்றி நான் பிறகு நூலகத்தில் தேடிப் படித்தேன். 1964 டிசம்பர் 17-ஆம் தேதி தெற்கு அந்தமான் கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாகப் பிறந்திருக்கிறது. நிலநடுக்கோட்டுக்கு அவ்வளவு பக்கத்தில் புயல் பிறப்பதே அபூர்வமாம். 19-ஆம் தேதி கடும் புயலாகி, 21-ஆம் தேதியிலிருந்து ஏறக்குறைய நேர்கோட்டில் மேற்கே ஓடி வந்திருக்கிறது. 22-ஆம் தேதி இலங்கையில் வவுனியாவைக் கடந்து, அன்று இரவே தனுஷ்கோடியில் ஏறியது. காற்றின் வேகம் மணிக்கு 280 கிலோமீட்டர் இருக்கும் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். அலை 7 மீட்டர், அதாவது இரண்டு மாடி உயரம். அந்தப் பக்கத்துக் கடலுக்கு ஆழம் குறைவு. காற்று தள்ளுகிற தண்ணீர் கீழே போக இடமில்லாமல் மேலேதானே எழும்ப வேண்டும்! இரண்டு பக்கமும் கடல், நடுவில் ஒரு மணல் நாக்கு. அதன் மேல் ஸ்டேஷன், போஸ்ட் ஆபீஸ், சர்ச், கஸ்டம்ஸ் ஆபீஸ் என்று ஒரு ஊரே இருந்தது. பாம்பனிலிருந்து அன்று ராத்திரி கிளம்பிய பாசஞ்சர் தனுஷ்கோடிக்குச் சற்று முன்னால் சிக்னல் கிடைக்காமல் நின்றதாம். கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, விசில் கொடுத்துக்கொண்டே மெதுவாக நகர்ந்திருக்கிறது. அதில் இருந்த நூறு பேருக்கு மேல் ஒருவரும் பிழைக்கவில்லை. மொத்தம் 1,800 பேர் இறந்திருக்கலாம் என்கிறார்கள். வாழத் தகுதியில்லாத இடம் என்று அரசாங்கமே பிறகு அறிவித்துவிட்டது.

அப்போதெல்லாம் நம் பக்கத்துப் புயல்களுக்குப் பேர் கிடையாது. இப்போது 13 நாடுகள் சேர்ந்து பட்டியல் போட்டு, வரிசையாகப் பேர் வைக்கிறார்கள். 2020 டிசம்பரில் வந்தது புரெவி. மாலத்தீவு கொடுத்த பேர். நான் அப்போது எட்டாவது. டிசம்பர் 2-ஆம் தேதி ராத்திரி திரிகோணமலையில் ஏறி, மன்னார் வளைகுடாவுக்குள் வருகிறது, அடுத்தது நம்ம கரைதான் என்று டிவியில் வட்டம் வட்டமாகப் போட்டுக் காட்டினார்கள். தாத்தா விடவில்லை. ஆட்டோ பேசி, ஆயிரத்து இருநூறு ரூபாய் கொடுத்து மாமா குடும்பத்தைச் சட்டி பானையோடு எட்டயபுரத்துக்கு வரவழைத்தார். புரெவி என்ன செய்தது தெரியுமா? பாம்பன் பக்கத்தில் வந்ததும் வலுவிழந்து அப்படியே உட்கார்ந்துகொண்டது! அதன் மழை சிதம்பரத்தில் போய்க் கொட்டியது. எங்களுக்குத் தூறல்தான். ஆயிரத்து இருநூறு ரூபாயைச் சொல்லிச் சொல்லி அத்தை பொங்கல் வரைக்கும் சிரித்தாள்.

இனிமேல்தான் நான் சொல்ல வந்தது.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. நான் முதலாம் ஆண்டு சேர்ந்து சில மாசம்தான் ஆகியிருந்தது. லீவுக்கு வீட்டில் இருந்தேன். விடியும் முன்பே நல்ல மழை. காலையில் மாமா போன் பண்ணினார்.

"மாப்ள, மழை விடாம ஊத்துது. அய்யா கெளம்பி வான்னு சொல்லுதாக. நீ பாத்துச் சொல்லு, என்ன போட்டிருக்கான்?"

நண்பர்களே, இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டதில் எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா! பாலிடெக்னிக் சேர்ந்த பிறகு ஈ.பி. பில் வந்தாலும் என்னிடம்தான் வரும், ரேஷன் கடை மெசேஜ் வந்தாலும் என்னிடம்தான் வரும். நான் போனில் ஒரு நிமிஷம் தேடிப் பார்த்துவிட்டு, வாத்தியார் மாதிரியே சொன்னேன்.

"புயல் எதுவும் இல்ல மாமா. வளிமண்டல மேலடுக்குச் சுழற்சிதான். பேரே வைக்கல. புரெவிக்கு வந்து ஆட்டோவுக்குக் காசைக் கொடுத்த மாதிரி ஆயிரும். பேசாம அங்கயே இருங்க."

பக்கத்தில் இருந்த தாத்தா, "பேரு வச்சா என்ன, வைக்காட்டி என்ன? தண்ணிக்கு அது தெரியுமாலே?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தேன்.

அன்று சாயங்காலம் மாமா போன் சுவிட்ச் ஆஃப். எங்கள் தெருவிலும் முழங்கால் தண்ணீர், கரண்ட் இல்லை. மறுநாள்தான் செய்தி தெரிந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. நம் மாவட்டத்துக்கு ஒரு வருஷத்துக்கே சராசரியாக 65, 66 செ.மீ.தான் பெய்யும்! தாமிரபரணி கரை தெரியாமல் ஓடுகிறது, குளங்கள் உடைந்துவிட்டன, திருச்செந்தூர் ரோடு போய்விட்டது என்று ஒவ்வொன்றாக வந்தது. ஆறுமுகநேரி, காயல்பட்டினத்துக்குப் பக்கத்து ஊர்.

திங்கள் போயிற்று. செவ்வாய் போயிற்று. அப்பா தூத்துக்குடி வரை எப்படியோ போய்விட்டு, அதற்கு மேல் வழியில்லை என்று திரும்பி வந்தார். தாத்தா திண்ணையை விட்டு எழுந்திருக்கவில்லை. என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தால்கூடத் தேவலை. கேட்கவில்லை. அம்மா சோற்றைப் போட்டுத் தட்டை என் பக்கம் நகர்த்தினாள், அவளும் பேசவில்லை. செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் சுமார் 800 பேரோடு நிற்கிறது என்று அப்போது செய்தி. முன்னால் தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லியெல்லாம் அரித்துப் போயிருந்ததால் மேலே விடாமல் நிறுத்திவிட்டார்கள். இரண்டு நாள் பட்டினியும் பயமுமாகக் கிடந்தாலும் அத்தனை பேரும் பத்திரமாக வந்து சேர்ந்தார்கள். நின்றதால் பிழைத்தார்கள். தாத்தா இதைக் கேட்டுவிட்டு, "இந்த ரயிலையாவது நிப்பாட்டுனானே" என்றார். மூன்று நாளில் அவர் பேசியது அது ஒன்றுதான்.

புதன்கிழமை இருட்டிய பிறகு யாருடைய நம்பரிலிருந்தோ ஒரு போன். "மாப்ள, உசுரோட இருக்கோம்."

ஞாயிறு ராத்திரி இடுப்பளவு தண்ணீர் வந்ததும் பாப்பாவைத் தலையில் தூக்கிக்கொண்டு பக்கத்தில் இருந்த மாடிக் கட்டடத்தில் ஏறியிருக்கிறார்கள். இருபது பேருக்கு ஒரு தார்ப்பாய். இரண்டு நாளும் பிஸ்கட்தான். வீட்டின் பின்சுவர் விழுந்துவிட்டது. இரண்டு ஆடு போயிற்று. அத்தை தவணையில் வாங்கிய தையல் மிஷின் சேற்றில் புதைந்தது. கரையில் குவித்து, கீற்றுப் போட்டு மூடியிருந்த உப்பு அம்பாரம் கரைந்து, இடம் தெரியாமல் போயிற்று. சீசன் முழுவதும் வெயிலில் நின்று, கால் புண்ணாக வாரிய உப்பு, வந்த தண்ணீரோடே போயிற்று.

போய்ப் பார்த்தபோது மாமா என்னைத் திட்டவில்லை. "நீ என்ன செய்வ மாப்ள, அதுல அப்படித்தான போட்டிருப்பான்" என்றார்.

அதுதான் என்னைத் தூங்க விடவில்லை. ஏனென்றால் அதில் அப்படிப் போட்டிருக்கவில்லை. கனமழை எச்சரிக்கை இருந்தது. நான் புயல் உண்டா இல்லையா என்று மட்டும் பார்த்துவிட்டு மூடிவிட்டேன். புயலுக்குப் பேர் வைப்பது எதை வைத்து? காற்றை வைத்து. மணிக்கு 62 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டால்தான் பேர். எவ்வளவு மழை கொட்டும் என்பதற்கும் அந்தப் பேருக்கும் சம்பந்தமே கிடையாது. காற்று இல்லாமல் ஓரிடத்திலேயே நின்று கொட்டுகிற மேகத்துக்கு யாரும் பேர் வைப்பதில்லை. இதெல்லாம் பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. துறைமுகத்தில் ஏற்றுகிற கூண்டுகளைப் பற்றியும் அப்போதுதான் படித்தேன். ஒன்றிலிருந்து பத்து வரை புயலின் தூரத்தையும் ஆபத்தையும் சொல்கின்றன. பதினொன்றாம் எண்ணுக்கு அர்த்தம் என்ன தெரியுமா? வானிலை மையத்தோடு தொடர்பே அற்றுப்போய்விட்டது என்பது. அந்த மூன்று நாளும் எங்கள் வீட்டில் ஏறியிருந்தது அந்தக் கூண்டுதான் என்று நினைத்துக்கொள்வேன்.

2025-ல் எங்கள் சிவில் வகுப்பு பாம்பனுக்குச் சுற்றுலா போனது உங்களில் பலருக்குத் தெரியும். ஏப்ரல் 6-ல் திறந்த புதுப் பாலத்தைப் பார்க்கத்தான் போனோம். நடுவில் உள்ள இரும்புக் கண் லிப்ட் மாதிரி செங்குத்தாக மேலே போவதைப் பற்றி ஆளாளுக்குப் பேசினார்கள். நான் பக்கத்தில் நின்ற 1914-ஆம் வருஷத்துப் பழைய பாலத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். 1964-ல் அதன் 126 கர்டர்கள் கடலில் விழுந்தன. ஸ்ரீதரன் என்ற இளம் இன்ஜினியர் கடலுக்குள் கிடந்தவற்றைத் தேடி எடுத்து 46 நாளில் திரும்ப ஓட வைத்தார். கொங்கன் ரயில்வே, டெல்லி மெட்ரோ என்று பிறகு பேர் வாங்கியவர் அவர்தான். அந்தப் பாலத்தில் பின்னாளில் காற்றின் வேகத்தை அளக்கும் கருவி வைத்தார்கள். அளவுக்கு மேல் காற்று அடித்தால் சிக்னல் சிவப்பாகிவிடும், எந்த டிரைவரும் யோசிக்க வேண்டியதில்லை.

தனுஷ்கோடியில் இடிந்த சர்ச் சுவருக்குப் பக்கத்தில் பையன்கள் போட்டோ எடுத்தார்கள். நானும் நின்றேன். தாத்தாவுக்கு அந்தப் போட்டோவைக் காட்டியபோது, போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "ரயிலு எந்தப் பக்கம்லே போச்சு?" என்று கேட்டார். எனக்குச் சரியாகக் காட்டத் தெரியவில்லை.

இந்த மழைக்காலத்திலும் மாமாவிடமிருந்து போன் வந்தது. அதே கேள்வி. "மாப்ள, என்ன போட்டிருக்கான்?"

ஆச்சரியம்தான், இன்னும் என்னிடம்தான் கேட்கிறார். இந்தத் தடவை முழுவதையும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை சத்தமாக வாசித்தேன். காற்று எவ்வளவு, மழை எவ்வளவு, எந்த மாவட்டம், எந்தத் தேதி, எல்லாம். தாத்தா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார். வாசித்து முடித்துவிட்டு, "இதுல போட்டிருக்கிறது இவ்வளவுதான் மாமா. அங்க ஓடையில தண்ணி எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"கரையைத் தொட்டுக்கிட்டு ஓடுது."

"அப்ப கெளம்பி வாங்க."

ராத்திரி ஒன்பது மணி பஸ்ஸில் மூன்று பேரும் வந்து இறங்கினார்கள், பாப்பா தூங்கிப்போய் மாமா தோளில் கிடந்தது. மறுநாள் காலையில் பளீரென்று வெயில்! அத்தை என்னைப் பார்த்து, "ஏ இன்ஜினியரு, பஸ்சுக்குக் காசை எடுத்து வையும்" என்றாள். தாத்தா சட்டைப் பையிலிருந்து ஐம்பது ரூபாயை எடுத்துக் கொடுத்து, எல்லாருக்கும் வடை வாங்கி வரச் சொன்னார்.