கடல் இல்லாத ஊருக்கும் கரை உண்டு

திண்டு போன்ற ஒரு கல்லைத் தன் அடையாளமாகக் கொண்ட நம் திண்டுக்கல்லுக்குக் கடல் இல்லை. வற்றாத ஆறும் இல்லை. கடற்கரை என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் பங்குக் குடும்பங்களின் நினைவுக்கு வருவது வேளாங்கண்ணியே. திருச்சியும் தஞ்சையும் கடந்து நாகப்பட்டினம் செல்லும் நெடுஞ்சாலை, நமக்கு அன்னையின் ஆலயத்துக்கு வழியாகவும் கடலுக்கு வழியாகவும் இருக்கிறது. ஆகவே, ஒரு நகரம் தன் நீர்க்கரையை எவ்வாறு பேணவேண்டும், தன் எல்லையை எவ்வாறு விரித்துக்கொள்ளவேண்டும் என்னும் வினா சென்னைக்கும் தூத்துக்குடிக்கும் உரியது, நமக்கு அதில் என்ன பங்கு என்று எண்ணத் தோன்றும். அவ்வாறு அன்று. கடல் இல்லாத ஊருக்கும் கரை உண்டு. குளக்கரைகளே நம் ஊரின் கடற்கரைகள். இதனை நேரில் கண்டு எழுத விரும்பி, மலைக்கோட்டையிலும் அதன் அடிவாரத்திலும் ஊரைச் சூழ்ந்த சாலைகளிலும் நாம் சென்று வந்தோம்.

மலைமேல் நின்று பார்த்தால்

பாறையில் வெட்டிய படிகளில் ஏறி மேலே சென்றால், காற்று முகத்தில் அறைகிறது. 1605-ஆம் ஆண்டு மதுரை நாயக்க மன்னர் முத்துக்கிருஷ்ணப்பர் எழுப்பிய கோட்டை இது. 1755-இல் ஐதர் அலி இங்கே மைசூரின் படைத்தலைவராக வந்தமர்ந்தார். 1792-ஆம் ஆண்டின் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் திண்டுக்கல் சீமை ஆங்கிலேயர் கைக்கு மாறியது. படையெடுத்து வந்தோர் அனைவரும் இந்தப் பாறையை விரும்பியதன் காரணம், மேலே நின்று பார்ப்போருக்கு எளிதில் விளங்கும். ஒரு பக்கம் சிறுமலை, மறுபக்கம் பழனிமலைத் தொடர், இடையே விரிந்த சமவெளி. யார் எந்தத் திசையிலிருந்து வந்தாலும் இங்கிருந்து தெரியும்.

இன்று அங்கிருந்து தெரிவது படை அன்று, ஊர். மதுரைச் சாலை, திருச்சிச் சாலை, பழனிச் சாலை, வத்தலக்குண்டுச் சாலை, கரூர்ச் சாலை, நத்தம் சாலை என்று விரல்களைப் போல நீண்டு செல்லும் சாலைகளின் இருபுறமும் கட்டடங்கள் சென்றுகொண்டே இருக்கின்றன. விரல்களுக்கு இடையே தென்னந்தோப்பும் கரிசலும் செம்மண்ணும் இன்னும் உள்ளன. அவற்றின் நடுவே ஆங்காங்கே பளிச்சிடுகின்ற தகடுகளே நம் குளங்கள்.

1866-இல் நகராட்சியான திண்டுக்கல், 1901-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 25,000 பேரைச் சற்றே தாண்டிய ஊராக இருந்தது. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 2,07,327 பேர் வாழும் நகரமாயிற்று. இடையில், 1985-இல் மதுரை மாவட்டத்திலிருந்து பிரிந்த புதிய மாவட்டத்துக்குத் தலைநகராயிற்று. 2003-இல் மறைமாவட்டத்துக்கும் தலைமையிடமாயிற்று. 2014-இல் மாநகராட்சியாக உயர்ந்தது. ஆயினும் மாநகராட்சியானபோது நகர எல்லை வெறும் 14 சதுர கிலோமீட்டர். ஒரு சதுர கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 14,800 பேர்! ஊர் பெருத்தது, உடுத்திய ஆடை பெருக்கவில்லை.

குளங்கள் ஏன் வெட்டப்பட்டன?

நம் சமவெளியில் மழை ஆண்டு முழுதும் பெய்வதில்லை. பெரும்பகுதி, ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்றோடு வந்து, சில நாட்களில் கொட்டிவிட்டுப் போய்விடும். மலையிலிருந்து இறங்கும் அந்த நீரை ஓடவிடாமல் நிறுத்தி வைக்கும் உண்டியல்களே குளங்கள். ஒரு குளம் நிறைந்தால் அதன் மறுகால் அடுத்த குளத்துக்கு வரத்துக்காலாகும். அது நிறைந்தால் அதற்கும் கீழே உள்ளதற்கு. இப்படிக் கைகோத்து நிற்கும் குளங்களுள் ஒன்றைத் தூர்த்தால் கெடுவது அந்த ஒன்று மட்டும் அன்று. மேலே உள்ள குளம் உடையும், கீழே உள்ளது காயும்.

மலைக்கோட்டையின் அடிவாரத்தில் கோட்டைக்குளம் இருக்கிறது. நகருக்குள்ளேயே கோபாலசமுத்திரம் இருக்கிறது. ஆங்கிலேயரை எதிர்த்து நின்ற விருப்பாட்சிப் பாளையக்காரர் கோபால நாயக்கர் 1801-இல் தூக்கிலிடப்பட்டது இக்குளத்தின் அருகே என்பது ஊர் மரபு. அவர் பெயரைக் குளம் இன்றும் தாங்கி நிற்பதாக முதியோர் சொல்வர். ஒரு குளத்துக்குச் ‘சமுத்திரம்’ என்று பெயரிட்ட நம் முன்னோரின் மனத்தை நாம் எண்ணிப் பார்க்கவேண்டும். கடலைக் காணாதோர் மிகையாகச் சொன்னது என்று அதைத் தள்ளிவிடலாகாது. தம் வாழ்வு அந்த நீரைச் சார்ந்தது என்று அறிந்தவர்கள் இட்ட பெயர் அது.

இன்று நாம் குடிக்கும் நீர் இக்குளங்களிலிருந்து வருவதில்லை. ஆத்தூர் காமராசர் நீர்த்தேக்கமும், வைகைப் பேரணையும், காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டமும் நகரின் தாகத்தைத் தணித்து வந்திருக்கின்றன. குழாய் வந்தபின் குளம் எதற்கு என்னும் எண்ணம் அங்கேதான் பிறந்தது. ஆனால் குளம் வற்றினால் கிணறும் ஆழ்துளைக் கிணறும் வற்றும் என்பதைக் கோடைதோறும் தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் தாய்மார்கள் எவரும் சொல்லிக்கொடுக்காமலே அறிவர்.

நீர் குறைந்தது ஒரு துன்பம். இருந்த நீர் கெட்டது மற்றொன்று. பூட்டுக்கும் சுருட்டுக்கும் பெயர்பெற்ற நம் ஊர், தோல் பதனிடுவதிலும் பெயர்பெற்றது. ஆயிரக்கணக்கான வீடுகளில் அடுப்பு எரிய அத்தொழில் உதவியது. அதே தொழிலின் உப்பும் குரோமியமும் கலந்த கழிவு நிலத்தடி நீரில் இறங்கியது. 1996 ஆகஸ்டு 28 அன்று, வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, வட ஆர்க்காட்டோடு திண்டுக்கல் மாவட்டத்தையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. மாசு செய்தவரே அதன் விலையைக் கொடுக்கவேண்டும் என்ற நெறியை நாடு அந்தத் தீர்ப்பால் நன்கு அறிந்தது. தொழிற்சாலையை எங்கே அமைப்பது, அதன் கழிவு எந்தக் குளத்தை நோக்கிச் சரியும் என்பதை முதலிலேயே வரைபடத்தில் பார்த்திருந்தால், பிற்காலத்தில் நீதிமன்றத்துக்குச் சென்றிருக்க வேண்டியதில்லை.

கடற்கரை நகரங்கள் கற்பிப்பவை

இனிக் கடற்கரைக்குச் செல்வோம். 1881 முதல் 1886 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த கிராண்ட் டஃப், கடலோரத்தில் உலாச்சாலை ஒன்று அமைத்து அதற்கு ‘மெரினா’ என்று பெயரிட்டார். அதே காலத்தில் சற்று வடக்கே துறைமுகச் சுவர்கள் கடலுக்குள் நீண்டன. கடலோரமாகத் தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலை அச்சுவர்கள் மறித்தன. அதனால் தெற்கே மெரினாவில் மணல் குவிந்து கரை அகன்றது; வடக்கே இராயபுரம், திருவொற்றியூர்ப் பக்கம் கடல் வீடுகளை விழுங்கத் தொடங்கியது. ஒரு கரையின் அழகு மற்றொரு கரையின் இழப்பாயிற்று. நீரோடு விளையாடும் எத்திட்டமும் அது நிற்கும் இடத்தோடு முடிவதில்லை என்பது முதற்பாடம்.

இரண்டாம் பாடம் மனிதரைப் பற்றியது. 1985-இல் மெரினாவை அழகுபடுத்துவதற்காக மீனவரின் படகுகளையும் குடிசைகளையும் அப்புறப்படுத்த முனைந்தபோது மோதல் எழுந்தது, துப்பாக்கி வெடித்தது, உயிர்கள் போயின. கரை என்பது உலாவ வருவோருக்கு மட்டும் உரியதா, அதில் பிழைப்போருக்கும் உரியதா என்ற கேள்வி அன்று எழுந்து, இன்றும் நிற்கிறது.

மூன்றாம் பாடத்தை நம் குடும்பங்கள் கண்ணீரோடு அறிந்தன. 2004 டிசம்பர் 26, கிறிஸ்து பிறப்பின் மறுநாள். வேளாங்கண்ணிக் கடற்கரையில் நின்ற திருப்பயணிகளைப் பேரலை வாரிச் சென்றது. ‘கரையோரம் நெருங்கிக் கட்டாதே’ என்ற விதி அதற்கு முன்பே இருந்தது. 1991-இல் நடுவண் அரசு வெளியிட்ட கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை, உயர் ஓதக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கட்டடங்களைக் கட்டுப்படுத்தியது. 2011-இலும் 2019-இலும் அது புதிதாக எழுதப்பட்டு, சில இடங்களில் தளர்த்தவும் பட்டது.

தூத்துக்குடி கற்பிப்பது இன்னும் வியப்பானது. கண்ணெதிரே கடல் இருந்தும் குடிக்க நீரின்றித் தவித்த அந்நகருக்கு, நகர்மன்றத் தலைவர் இராவ்பகதூர் குரூஸ் பர்னாந்து 1927-இல் வல்லநாட்டிலிருந்து தாமிரபரணி நீரைக் குழாய் வழியே கொண்டுவந்தார். அந்நகர் 2023 டிசம்பரில் நீரில் மூழ்கியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தூத்துக்குடியை அன்று மூழ்கடித்தது முன்னே இருந்த கடல் அன்று. பின்னே இருந்த கோரம்பள்ளம் குளத்தின் கரை உடைந்து, அந்த வெள்ளம் வீதிகளில் புகுந்தது. கடலையே பார்த்து நின்ற நகரம், தன் முதுகுப்புறத்துக் குளத்தை மறந்திருந்தது.

நமக்கும் இவ்வனுபவம் புதிதன்று. 1977-ஆம் ஆண்டுப் பெருமழையில், வேடசந்தூருக்கு அப்பால் அழகாபுரியில் குடகனாற்றின் குறுக்கே நின்ற அணை, வெள்ளம் தலைக்குமேல் ஏறி உடைந்தது. கோடையில் மணலாய்க் கிடக்கும் ஆறுதானே என்று எண்ணியிருந்தோருக்கு, ஆறு தன் அகலத்தை ஒருபோதும் மறப்பதில்லை என்பதை அந்த இரவும் பகலும் காட்டின.

ஊர் எந்தப் பக்கம் வளர்வது?

பள்ளபட்டி, சீலப்பாடி, செட்டிநாயக்கன்பட்டி, அடியனூத்து, பாலகிருஷ்ணாபுரம், குரும்பபட்டி எனத் திண்டுக்கல்லைச் சுற்றிலும் வளர்ந்த ஊராட்சிகளுக்குள் செல்வோருக்கு, நகரம் எங்கே முடிந்தது, கிராமம் எங்கே தொடங்கிற்று என்று தெரியாது. வீடுகள் ஒரே மாதிரி. ஆனால் குப்பை அள்ளும் வண்டியும் சாக்கடையும் குழாய் நீரும் ஒரே மாதிரி அல்ல. ஊராட்சிகளை நகரோடு இணைத்தால் வரி ஏறும், ஊரக வேலைவாய்ப்பு போய்விடும் என்ற அச்சம் அங்குள்ள ஏழைகளுக்கு உண்டு. அது நியாயமான அச்சமே. இணைக்காவிட்டால், இத்தனை வீடுகளின் கழிவுநீர் எங்கே போவது என்பதற்கு விடையில்லை. விடையில்லாத கழிவுநீர் தாழ்ந்த இடத்தைத் தேடிச் செல்லும். தாழ்ந்த இடம் குளம்.

எல்லை விரிவது மட்டுமே தீர்வாகாது. சென்னைப் பெருநகரத் திட்டப் பரப்பு 1,189 சதுர கிலோமீட்டராக இருந்தது. 2022-இல் 5,904 சதுர கிலோமீட்டராக விரிக்கப்பட்டது. பரப்பை விரிப்பது ஓர் ஆணையால் முடியும். அப்பரப்புக்குள் எது வயல், எது வீதி, எது நீரின் இடம் என்று குறித்து, குறித்தபடி காப்பதே அரிய வேலை. 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர், ஊரமைப்புச் சட்டம் அதற்கு வழி வகுத்திருக்கிறது. 2007-இல் ஏரிகளைக் காத்து ஆக்கிரமிப்பை அகற்றும் சட்டமும் வந்தது. 2017-இல் குடிமராமத்து என்னும் பழைய பெயரோடு குளங்களைத் தூர்வாரும் பணி அரசால் மீண்டும் தொடங்கப்பட்டது. சட்டத்துக்குக் குறைவில்லை, கரையில் நின்று காவல் காக்கும் ஊருக்குத்தான் குறைவு.

நம்மால் ஆவது

இது அதிகாரிகளின் பொறுப்பு என்று இருந்துவிட இயலாது. மேட்டுப்பட்டியிலும் மரியநாதபுரத்திலும் முத்தழகுபட்டியிலும் நெருங்கி வாழும் நம் குடும்பங்களில், பிள்ளைகளுக்குத் திருமணமாகித் தனி வீடு தேடும் நாள் வரும். சாலையோரக் கொடிகளும் வண்ண விளம்பரங்களும் ‘மனை விற்பனைக்கு’ என்று அழைக்கும். அனுமதியற்ற மனைகளைப் பத்திரம் பதிவதற்கு 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தபோது, வாழ்நாள் சேமிப்பை மண்ணில் போட்ட எத்தனையோ குடும்பங்கள் திகைத்து நின்றன. ஆகவே முன்பணம் கொடுக்குமுன், வில்லங்கச் சான்றோடு நிறுத்திவிடாமல், நகர் ஊரமைப்புத் துறையின் ஒப்புதல் உண்டா என்று கேளுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேட்டையும் புல வரைபடத்தையும் பாருங்கள். அதில் ஓடை, வாய்க்கால், குளம் என்று ஒரு சொல் தென்பட்டால் விலகிவிடுங்கள். மலிவாகக் கிடைப்பது நீரின் வீடு. அது ஒருநாள் தன் வீட்டுக்குத் திரும்பி வரும்.

குளக்கரையில் குடிசையிட்டு வாழ்வோரை நாம் பகைவராக எண்ணலாகாது. ஊரில் இடம் கிடைக்காமையால் கரைக்கு வந்தவர்கள் அவர்கள். அவர்களை வேலைக்கும் பள்ளிக்கும் எட்டாத தொலைவில் கொண்டுபோய் விடுவதும் நீதியாகாது. நடந்து செல்லும் தொலைவில் மாற்று வீடு கொடுத்தபின் கரையை மீட்பதே மெரினாவின் துயரம் நமக்குக் கற்பிக்கும் வழி.

மீட்ட கரையில் மரம் நட்டு, நடந்து செல்ல வழி அமைத்து, கழிவுநீர்க் குழாயை வேறு திசைக்குத் திருப்பினால், திண்டுக்கல்லுக்கு ஒன்றன்று, பல கடற்கரைகள் கிடைக்கும். முதியோர் மாலையில் காற்று வாங்கலாம், சிறுவர் ஓடலாம், கிணறுகளில் ஊற்றுத் திறக்கும். பங்கு மன்றங்களும் இளைஞர் குழுக்களும் தத்தம் பகுதிக் குளத்தின் பெயரையும் பரப்பையும் வரத்துக்காலையும் மறுகாலையும் முதலில் அறிந்து எழுதி வைக்கட்டும். பெயர் மறந்த குளத்தைக் காக்க எவராலும் இயலாது. கிராமசபையிலும் மாமன்ற உறுப்பினரிடத்திலும் அக்குறிப்போடு சென்று கேட்டால், கேள்விக்கு மதிப்பு உண்டாகும்.

இறைவன் நமக்குக் கடலைத் தரவில்லை. மலையைத் தந்தார், அதிலிருந்து இறங்கும் நீரைத் தந்தார். அந்நீரை நிறுத்தக் குளம் வெட்டும் அறிவை நம் முன்னோருக்குத் தந்தார். அவர்கள் வெட்டிய குளங்களை நம் பிள்ளைகள் கையில் தூர்ந்துபோகாமல் ஒப்படைப்பது நம் தலைமுறையின் கடன்.