செஞ்சிக் களஞ்சியத்தில் ஒரு கைதட்டல்

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைச் சாலையில் ஏறத்தாழ 28 கிலோமீட்டர் சென்றால் செஞ்சி. விழுப்புரத்திலிருந்தும் பேருந்து உண்டு. கோட்டைக் குன்றேறும் ஆவலில் பலர் அடிவாரத்து நெற்களஞ்சியத்தை எட்டிப் பார்ப்பதோடு சரி. உள்ளே நின்று ஒருமுறை கைதட்டிப் பாருங்கள்.

தடித்த சுவர், வளைந்த கூரை, வெறுந்தரை. ஓசை எளிதில் அடங்குவதில்லை. குழியாடி ஒளியைக் குவிப்பதுபோல் வளைகூரை ஒலியைக் குவிக்கிறது. இரண்டடி தள்ளி நின்று தட்டினால் கேட்பது வேறு. 1640களின் இறுதியில் செஞ்சியை வென்ற பீஜப்பூர் சுல்தான் முஹம்மது ஆதில் ஷா அடங்கியுள்ள கோல் கும்பஸில், ஏறத்தாழ 38 மீட்டர் அகலக் குவிமாடத்தின் ஒருபுறம் முணுமுணுப்பது மறுபுறம் கேட்கும். வியப்புத்தான், ஆனால் பயான் செய்வதற்கு உகந்த இடமன்று!

இணையான இரு சுவர்களுக்கிடையே ஓசை படபடவென மோதித் திரும்பும். கோணல் சுவர்கள் அதைச் சிதறடிக்கும். அதனாலேயே கோணல் அறை நல்ல அறையாகிவிடாது; கல்லும் சுண்ணமும் ஒலியை விழுங்குவதில்லை. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சபைன் என்பார் 1895 முதல் இருக்கை மெத்தைகளைக் கூட்டியும் குறைத்தும், ஓசை அடங்கும் நேரத்தை அளந்தார். மெத்தையும் மனித உடலும் ஒலியை உறிஞ்சுவது தெரியவந்தது. ஆகவே காலிக் கூடத்தில் கைதட்டி மட்டும் முடிவுகட்டலாகாது.

பளிங்கு பதித்த பள்ளிவாசல்களில் பின்வரிசை முதியோருக்கு முழக்கம் கேட்கிறது, சொல் புரிவதில்லை. ஒலிபெருக்கியைக் கூட்டினால் முழக்கமே கூடும். கனத்த விரிப்பும் திரைச்சீலையும் முதலில் வாங்கலாம்.