மணலில் எழுதிய மாணாக்கர்

முதுகலை மாணவர்களைத் தரங்கம்பாடிக்கு அழைத்துச் செல்வது எங்கள் தமிழ்த்துறையின் நெடுநாள் வழக்கம். டேனியர் கோட்டை, கடல் அரித்த மாசிலாமணிநாதர் கோயில், 1718இல் எழுப்பப்பட்ட புதிய எருசலேம் ஆலயம் என்று வரிசையாகக் காட்டுவோம். ஆலயத்தினுள் சீகன்பால்குவின் கல்லறை இருக்கிறது. அதன் முன் நின்று, தேர்வுக்கு வேண்டிய அளவில் அவரைப் பற்றிச் சொல்லி முடிப்போம். 1706இல் வந்தார், அச்சகம் நிறுவினார், 1715இல் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார், 1719இல் மறைந்தார். தமிழ் அச்சு அவரோடு தொடங்கவில்லை, 1578இல் கொல்லத்திலேயே தமிழ் நூல் அச்சாகிவிட்டது என்று ஒரு திருத்தமும் சேர்த்துக்கொள்வோம். பிறகு கடற்கரைக்குப் போய்விடுவோம்.

சென்ற முறை அப்படி நடக்கவில்லை. எங்களுள் ஒருவர், 1708இல் சீகன்பால்கு எழுதிய கடிதமொன்றின் மொழிபெயர்ப்பைப் படியெடுத்து வந்திருந்தார். தமிழ் கற்பதில் தம் நாள் எவ்வாறு கழிகிறது என்பதை அதில் அவர் விவரித்திருக்கிறார். கோட்டைச் சுவரின் நிழலில் அமர்ந்து, அதை மாணவர்களுக்கு வாசித்துக் காட்டினோம்.

காலை ஏழு முதல் எட்டு வரை, முன்பு கற்று எழுதிவைத்த சொற்களையும் தொடர்களையும் திரும்பப் படிக்கிறார். எட்டு மணியிலிருந்து நண்பகல் வரை, அதுவரை படித்திராத தமிழ் நூல்கள் மட்டும். அப்போது முதிய புலவர் ஒருவரும் எழுத்தர் ஒருவரும் உடனிருக்கிறார்கள். புலவர் பொருள் சொல்ல வேண்டும். செய்யுள் கடினமாக இருந்தால் பேச்சுத் தமிழில் அவிழ்த்துத் தர வேண்டும். புதிதாக வரும் ஒவ்வொரு சொல்லையும் எழுத்தர் உடனே குறித்துக்கொள்ள வேண்டும். உண்ணும்போதும் ஒருவர் பக்கத்திலிருந்து படிக்கிறார். பிற்பகல் மூன்று முதல் ஐந்து வரை மீண்டும் நூல்கள். இரவு ஏழு மணிக்கு மேல் விளக்கொளியில் கண் வருந்தும் என்பதால், பிறரைப் படிக்கச் சொல்லிக் கேட்கிறார். தாம் பேசவும் எழுதவும் பின்பற்றத்தக்க நடையுடைய ஆசிரியர்களையே விரும்பித் தேர்ந்துகொள்கிறார்.

வாசித்து முடித்ததும் மாணவர்களிடையே சிறு அமைதி நிலவியது. எங்களிடையேயும்தான்.

அந்த நாளுக்குரியவர் இருபதுகளின் நடுவிலிருந்த இளைஞர். சாக்சனி நாட்டின் புல்ஸ்னிட்ஸ் என்ற சிற்றூரில் பிறந்தவர். டென்மார்க் மன்னர் நான்காம் பிரடெரிக்கின் ஆணையோடு, புளூட்சோ என்ற தோழருடன் 1705 நவம்பரில் கோபன்ஹேகனில் கப்பலேறி, 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் வந்திறங்கினார். மன்னர் அனுப்பியவர்கள் என்றாலும் கோட்டையிலிருந்த அதிகாரிகளுக்கு அவர்கள் வேண்டாத விருந்தினர். ஊராரின் மொழியோ தெரியாது. கையிலெடுத்துப் படிக்க அகராதியும் இல்லை, இலக்கணமும் இல்லை.

அவர் செய்ததை நினைக்கும்போதெல்லாம் எங்களுக்கு வியப்பு அடங்குவதில்லை. உள்ளூர்த் திண்ணைப்பள்ளி ஆசிரியர் ஒருவரை அணுகி, அவருடைய பள்ளியையே தாங்கள் தங்கியிருந்த வீட்டுக்கு மாற்றிக்கொள்ளச் செய்தார். பிள்ளைகளோடு பிள்ளையாகத் தரையில் அமர்ந்து, விரலால் மணலில் 'அ' எழுதப் பழகினார். ஓர் ஊருக்கே போதிக்க வந்தவர், அந்த ஊர்ச் சிறுவர்களில் கடைசி மாணாக்கராக உட்கார்ந்திருக்கிறார். பிழையாக எழுதினால் பக்கத்துப் பையன் சிரித்திருப்பான். எங்கள் கற்பனைதான், ஆனால் பிள்ளைகளை அறிந்த எவரும் இதை மறுக்கமாட்டார்கள்.

இரண்டே ஆண்டுகளில் நீதிவெண்பாவையும் கொன்றைவேந்தனையும் உலகநீதியையும் ஜெர்மன் மொழியில் பெயர்த்துவிட்டார். மூன்றும் நம் பிள்ளைகள் அந்நாளில் மனப்பாடம் செய்தவை. அதே 1708இல் தாம் திரட்டிய தமிழ் நூல்களுக்கு ஒரு விளக்கப் பட்டியலும் எழுதினார். அதில் 119 நூல்கள். தொல்காப்பியமும் திருக்குறளும் அவற்றுள் உண்டு. ஏடுகளைத் தேடி எழுத்தர்களை உள்நாட்டுக்கு அனுப்பியிருக்கிறார். இறந்துபோன அந்தணர்களின் கைம்பெண்களிடமிருந்து அவர்கள் சுவடிகளைக் குறைந்த விலைக்கு வாங்கிவந்திருக்கிறார்கள். விற்ற அந்தப் பெண்களின் நிலையையும் இங்கே எண்ணிப் பார்க்காமல் கடந்துவிட முடியவில்லை.

அவரை முழுதும் நல்லவராகத் தீட்டிக்காட்டும் எண்ணம் எங்களுக்கில்லை. வந்த புதிதில் வழியோரக் கோயிலொன்றில் இருந்த மண்ணுருவங்களைச் சிதைத்ததை அவரே எழுதியிருக்கிறார். அவற்றுக்கு ஆற்றலில்லை என்று மக்களுக்குக் காட்டுவது நோக்கம். அங்கிருந்த உள்ளூர்க்காரர் ஒருவர், இவை தெய்வங்கள் அல்ல, தெய்வத்தின் காவல்வீரர்கள் மட்டுமே என்று விளக்கினாராம். உடைத்தவருக்குத் தாம் உடைத்தது என்னவென்றே தெரிந்திருக்கவில்லை. அந்த மறுமொழியையும் மறைக்காமல் ஊருக்கு எழுதி அனுப்பினாரே, அதுதான் அவரிடம் எங்களுக்குப் பிடித்த குணம். அதே மனிதர் 1713இல் தென்னிந்தியத் தெய்வங்களின் வரலாற்றை விரிவான நூலாக எழுதி முடித்தார். அனுப்பியவர்கள் அதை அச்சிட விரும்பவில்லை. 1867இல்தான் அது சென்னையில் வெளிவந்தது.

1708 இறுதியில் டேனிய ஆளுநரோடு பகை முற்றி, நான்கு மாதம் அந்தக் கோட்டையிலேயே சிறையிருந்தார். நாங்கள் சாய்ந்து அமர்ந்திருந்தது அந்தக் கோட்டையின் சுவரில்தான். இறக்கும்போது அவருக்கு வயது 36.

அப்போதுதான் பின்வரிசையிலிருந்த மாணவி ஒருத்தி கேட்டாள்.

"ஐயா, பக்கத்துல உக்காந்து பொருள் சொன்ன அந்தப் புலவர் பேரு என்னங்க?"

தாளைப் புரட்டினோம். மொழிபெயர்ப்பாளராக இருந்த அழகப்பனின் பெயர், 'அலெப்பா' என்று உருமாறி அங்கே இருக்கிறது. புலவர், 'முதிய புலவர்' மட்டுமே. அந்தப் பக்கத்தில் அவருக்குப் பெயரில்லை.

"இல்லையம்மா."

"வாத்தியாரு பேரு மட்டும் இல்ல பாருங்க" என்று அவள் தோழியிடம் முணுமுணுத்தது எங்கள் காதில் விழுந்தது.

பேருந்தில் திரும்பும்போது அந்த முணுமுணுப்பையே பேசிக்கொண்டு வந்தோம். அந்த முதியவர் எதற்காக நாள்தோறும் வந்தார்? ஊதியத்துக்காக என்று சொல்லிவிடலாம். தம் சமயத்தை மாற்ற வந்தவன் என்று தெரிந்தும், நான்கு மணி நேரம் செய்யுளை அவிழ்த்து அவிழ்த்துச் சொல்ல ஊதியம் மட்டும் போதுமா? நாள் முழுதும் படிக்கும் ஒரு மாணாக்கன் கிடைத்துவிட்டால், அவன் யார், எதற்குப் படிக்கிறான் என்பதெல்லாம் ஆசிரியனுக்கு மங்கிப்போகும். இதை நாங்கள் அறிவோம். அத்தகைய மாணாக்கனுக்காகத்தான் இருபதாண்டுகளாக நாங்களும் காத்திருக்கிறோம்.

மற்றொன்றும் உறுத்தியது. அதைச் சொன்னால்தான் இக்கட்டுரை நேர்மையானதாகும். தமிழைத் தொழிலாகக் கொண்ட நாங்கள் நாளுக்கு எத்தனை மணி நேரம், இதுவரை படித்திராத தமிழ் நூலைப் படிக்கிறோம்? வருகைப்பதிவேடு, விடைத்தாள், தரமதிப்பீட்டுக் கோப்பு என்று காரணங்கள் கைவசம் நிறைய உண்டு. கடலும் நோயும் பகையும் சிறையும் சூழ்ந்த அந்த இளைஞருக்கும் காரணங்களுக்குக் குறைவில்லை. குறுந்தொகையைக் கடைசியாக முழுதும் படித்தது எப்போது என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டோம். விடை சொன்னவர்கள் எவரும் ஆண்டைச் சரியாகச் சொல்லவில்லை.

ஊர் திரும்பிய பின் துறையில் நாங்கள் நால்வர், வகுப்புகள் தொடங்குமுன் ஒரு மணி நேரம் கூடிப் படிப்பது என்று முடிவு செய்தோம். எட்டு மணி என்பதும் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டதுதான். முதல் வாரம் ஐந்து நாளும் கூடினோம். அதன்பின் பாதி நாள்கள் தவறியிருக்கின்றன. அந்த மாணவி மட்டும் இதுவரை ஒரு நாளும் தவறவில்லை. எங்களுக்கு முன்பே வந்து, நூலை விரித்துவைத்துக்கொண்டு, பொருள் சொல்ல ஆள் வருகிறதா என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.